சட்டியில் இருந்தால் போதுமா?

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுக்க இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு வேண்டும். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்த பி.எட். வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க, நிஜப் பள்ளியில், நிஜப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டினால்தான் அந்தப் பட்டம்.

கல்லூரிக்கு? முதுகலையோடு நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம். நெட் முதல் தாளில் கற்பித்தல் பற்றியும் கேட்கிறார்களே என்பார்கள். கேட்கிறார்கள். 50 கேள்விகளில் ஆய்வு, கணக்கு, கணினி, சுற்றுச்சூழல் இவற்றுக்கு நடுவே கற்பித்தலுக்கும் ஒரு மூலை உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஆயிற்று. அறுபது பேர் முன்னால் நின்று நடத்திக் காட்டு என்று அந்தத் தேர்வு யாரையும் கேட்பதில்லை.

இதைக் கேள்வி கேட்டால் உடனே வரும் பதில்: "சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்." பாடம் தெரிந்தவருக்கு நடத்தவும் தெரியும், தெரியாவிட்டால் நாலு வருடத்தில் பழகிவிடும் என்பது நம் கல்லூரிகளின் அசைக்க முடியாத நம்பிக்கை. சட்டி நிறையச் சோறு இருந்தும் பந்தியில் பாதி இலை காலியாகக் கிடப்பதை நாம் பார்த்ததில்லையா? அந்த நாலு வருடப் பழக்கத்துக்குப் பலியாகிற நாலு தொகுதி மாணவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அனுபவம் தானாகக் கற்றுத்தரும் என்பதை கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சோதித்தே பார்த்தார்கள். 2001இல் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமனின் குழு நடத்திய ஆய்வு அது. 2011இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. ஒரே இயற்பியல் பாடம், 250 பேருக்கு மேல் கொண்ட இரண்டு வகுப்புகள். ஒன்றில் மாணவர்களிடம் நல்ல பெயர் எடுத்த மூத்த பேராசிரியர் வழக்கம்போல் விரிவுரையாற்றினார். இன்னொன்றை ஒரு வாரத்துக்கு ஓர் இளம் ஆய்வாளரிடம் கொடுத்தார்கள். அவருக்கு வகுப்பறை அனுபவம் குறைவு. ஆனால் கற்பித்தல் முறையில் பயிற்சி உண்டு. முதலில் ஒரு சிக்கலைக் கொடுப்பார், மாணவர்களைத் தங்களுக்குள் வாதாட விடுவார், எங்கே இடறுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் விளக்குவார். பிறகு நடந்த தேர்வில் மூத்தவர் வகுப்பின் சராசரி 41 சதவீதம், இளையவர் வகுப்பின் சராசரி 74. ஒரு வாரச் சோதனையை வைத்து உலகத்தையே அளந்துவிட முடியாதுதான். ஆனாலும் அந்த இடைவெளிக்கு, 'பழகினால் வந்துவிடும்' என்பவர்கள் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

"நானும் ரெஃப்ரெஷர் பயிற்சிக்குப் போய்வந்தவன்தான், என்ன கற்றேன்?" என்று கேட்கிற பேராசிரியர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1986 கல்விக் கொள்கையைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரி ஆசிரியர்களுக்கென்றே பயிற்சிக் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, இப்போது கல்வியாளர் மாளவியா பெயரில் இயங்குகின்றன. பலகை மாறிய அளவுக்கு உள்ளே நடப்பது மாறவில்லை. வகுப்புக்குள் நுழையுமுன் கிடைக்க வேண்டிய பயிற்சியைப் பதவி உயர்வோடு முடிச்சுப் போட்டார்கள். அதனால் சான்றிதழ் தேவைப்படும் ஆண்டில்தான் பலருக்கும் ஓரியண்டேஷன் எனும் அறிமுகப் பயிற்சி நினைவுக்கு வருகிறது. அங்கேயும் கற்பித்தலைப் பற்றி நாள் முழுக்க விரிவுரை! வந்தவர் ஒருவரை நடத்தச் சொல்லிப் பார்த்து, குறை சொல்லித் திருத்துவது அபூர்வம். இது பயிற்சியைச் செய்யும் முறையில் உள்ள கோளாறு. பயிற்சியே வேண்டாம் என்பதற்கு இது ஆதாரமாகாது.

அரசு கலைக் கல்லூரிகளில் வகுப்புகளைத் தாங்குகிற கௌரவ விரிவுரையாளர்களுக்கு அந்தச் சான்றிதழாலும் பயனில்லை. பதவி உயர்வே இல்லாத ஒருவரை யார் பயிற்சிக்கு அனுப்புவார்கள்?

என்ன செய்யலாம்? பணியில் சேரும் எவருக்கும், கௌரவ விரிவுரையாளர் உட்பட, முதல் பருவத்தில் பாதி வகுப்புகள் மட்டும் கொடுங்கள். மூத்தவர் ஒருவர் வாரம் ஒருமுறை பின்வரிசையில் உட்காரட்டும். மதிப்பெண் போட வேண்டாம், பேசித் திருத்தட்டும். மூத்தவர் வகுப்பிலும் இளையவர் போய் உட்காரட்டும். பெற்றோரே, பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது நாக் தரத்தையும் வேலைவாய்ப்புக் கணக்கையும் விசாரிக்கிறீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: முதலாண்டுக்கு யார் பாடம் எடுக்கிறார், பாடம் எடுக்க அவர் எங்கே பயின்றார்?