அதிகாரமும் வேண்டும், கணக்கும் வேண்டும்

உலகின் பசுமை இல்ல வாயு வெளியேற்றத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு நகரங்களின் நுகர்வே காரணம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு. கட்டடங்கள் இழுக்கும் மின்சாரம், வாகனங்கள் எரிக்கும் பெட்ரோல், டீசல், கிடங்கில் குவியும் குப்பை ஆகிய மூன்றுமே இதன் முதன்மை ஊற்றுகள். கட்டடத்துக்கு வரைபட அனுமதி, வாகனத்துக்குச் சாலை, குப்பைக்கு வண்டி என்று மூன்றுமே எங்கோ ஓரிடத்தில் உள்ளாட்சியின் கையைக் கடந்துதான் போகின்றன. ஆகவே பருவநிலை மாற்றத்துக்கு எதிரான போராட்டத்தில் மாநகராட்சி ஓரமாக நிற்க முடியாது.

முதலில் கட்டடங்கள். டோக்கியோ பெருநகர அரசு 2010 ஏப்ரலில், பெருமளவு ஆற்றலைச் செலவிடும் சுமார் 1,300 கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் வெளியேற்ற உச்சவரம்பு விதித்தது. முதல் ஐந்தாண்டில் 6 முதல் 8 சதவீதம் குறைக்க வேண்டும். வரம்புக்கும் கீழே குறைத்தவர்கள் மிச்சத்தை மற்றவர்களுக்கு விற்கலாம். பெரும்பாலானோர் யாரிடமும் வாங்கவில்லை. விளக்குகளையும் குளிரூட்டும் இயந்திரங்களையும் மாற்றியே இலக்கைத் தாண்டினார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பின் வந்த மின்பற்றாக்குறையும் சேர்ந்துகொள்ள, அந்த ஐந்தாண்டின் முடிவில் குறைப்பு 25 சதவீதத்தை எட்டியது. நியூயார்க் மாநகர மன்றம் 2019இல் இயற்றிய 97ஆம் எண் உள்ளாட்சிச் சட்டம் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்குப் பொருந்தும். 2024 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டப்படி, வரம்பை மீறும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் வரை அபராதம் விதிக்கலாம். இரு நகரங்களிலும் பலன் தருவது ஒன்றுதான்: வேண்டுகோள் விதியாகியிருக்கிறது.

அடுத்தது சாலை. ஸ்டாக்ஹோம் நகரம் 2006 ஜனவரியில் நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்கு நெரிசல் கட்டணத்தைச் சோதனையாகக் கொண்டுவந்தது. போக்குவரத்து சுமார் 20 சதவீதம் குறைந்தது. தொடக்கத்தில் முகம் சுளித்த நகர மக்கள், பலனைக் கண்ணால் பார்த்தபின் அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தனர். 2007 ஆகஸ்டில் கட்டணம் நிரந்தரமானது. சீனாவின் ஷென்ஜென் 2017 இறுதிக்குள் தன் 16,000 பேருந்துகளையும் மின்பேருந்துகளாக்கிவிட்டது. சென்னை மாநகராட்சியும் 2014இலேயே நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்து ஒதுக்கீட்டில் 60 சதவீதத்தை அவர்களுக்கான வசதிகளுக்கே செலவிடுவதாக முடிவுசெய்தது. நல்ல கொள்கை, ஆனால் நகரின் நடைபாதைகளில் நடந்து பார்ப்பவர்களுக்கு அது இன்னும் காகிதத்திலிருந்து முழுமையாக இறங்கவில்லை என்பது விளங்கும்.

மூன்றாவது குப்பை. மக்கும் குப்பை காற்றுப்படாமல் குவிந்து அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கூடியது. கிடங்கு தீப்பற்றும்போது அதன் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் சென்னையின் குப்பைக் கிடங்குகள் உள்ள கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் வாழும் எளிய மக்கள். இதற்கு விடை தொலைதூரத்தில் இல்லை. இந்தூர் மாநகராட்சி வீட்டு வாசலிலேயே குப்பையைத் தரம் பிரித்து வாங்குவதை உறுதியாக நடைமுறைப்படுத்தியது. அந்த ஒழுங்கின் பலத்தில்தான் அங்கு நாளொன்றுக்கு 550 டன் மக்கும் குப்பையிலிருந்து எரிவாயு தயாரிக்கும் ஆலை 2022 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அந்த வாயு நகரப் பேருந்துகளை ஓட்டுகிறது. தரம் பிரிக்காத குப்பையைக் கொட்டினால் எந்த ஆலையும் ஓடாது.

இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டும் கயிறு கணக்கு. ஓஸ்லோ நகரம் 2017ஆம் ஆண்டு முதல் நிதிநிலை அறிக்கையோடு பருவநிலை பட்ஜெட்டையும் வெளியிடுகிறது. எந்தத் துறை, எந்தத் திட்டத்தால், எத்தனை டன் குறைக்க வேண்டும் என்பது அதில் வரவு செலவுபோல எழுதப்படுகிறது. ஆண்டு முடிவில் அந்தத் துறை பதில் சொல்ல வேண்டும். மும்பை மாநகராட்சி 2024இல் தன் முதல் பருவநிலை பட்ஜெட் அறிக்கையை வெளியிட்டது.

எனினும் கணக்கு மட்டும் போதாது என்பதற்குக் கோபன்ஹேகன் சான்று. 2025க்குள் கார்பன் சமநிலை அடைவோம் என்று 2012இல் அறிவித்த அந்த நகரம், வெளியேற்றத்தைப் பெருமளவு குறைத்துக் காட்டியது. ஆனால் குப்பை எரி உலையிலிருந்து கார்பனைப் பிடித்தெடுக்கும் திட்டத்துக்கு நாட்டரசின் நிதி கிடைக்காததால், இலக்கு கைகூடாது என்று 2022இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஸ்டாக்ஹோமின் நெரிசல் கட்டணத்துக்கும் நாடாளுமன்றத்தின் சட்டம் தேவைப்பட்டது. மேலே உள்ள அரசு கை கொடுக்காமல் நகரம் தனியே கரை சேராது.

இந்தியாவில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசமைப்புத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் பட்டியலிட்டது. அதில் தெருவிளக்கு உண்டு, மின் உற்பத்தி இல்லை. பேருந்து நிறுத்தம் உண்டு, பேருந்துப் போக்குவரத்து இல்லை. நகரத் திட்டமிடல் பட்டியலில் இருந்தும், சென்னையில் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி தருவது மாநில அரசின் கீழுள்ள சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ). பேருந்துகள் மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம், மின்சாரம் மின்வாரியத்திடம். இந்த நிலையில்தான் 2050க்குள் நிகர பூஜ்ஜிய வெளியேற்றம் என்ற இலக்கோடு சென்னைப் பருவநிலைச் செயல்திட்டம் 2023 ஜூனில் வெளியானது. நாட்டின் இலக்கான 2070க்கு இருபதாண்டு முந்தியது அது. அந்தத் துணிவு பாராட்டுக்குரியது.

அது நிறைவேற மூன்று காரியங்கள் நடந்தாக வேண்டும். குப்பையைத் தரம் பிரித்தல், நடைபாதை, தெருவிளக்கு, மாநகராட்சிக் கட்டடங்கள் என்று தன் கையிலேயே இருப்பவற்றை மாநகராட்சி யாருக்கும் காத்திராமல் முடிக்க வேண்டும். புதிய பெரிய கட்டடங்களின் மின்தேவைக்கு வரம்பு விதிப்பதிலும் பேருந்துகளைப் பெருக்குவதிலும் சிஎம்டிஏ, போக்குவரத்துக் கழகம், மின்வாரியம் ஆகியவற்றை இதே இலக்குக்குக் கட்டுப்படுத்தும் ஆணையை மாநில அரசு பிறப்பிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மாநகராட்சி பட்ஜெட்டோடு வெளியேற்றக் கணக்கும் மன்றத்தில் வைக்கப்பட வேண்டும். தவறிய துறை அங்கேயே காரணம் சொல்ல வேண்டும். அதிகாரம் இல்லாத கணக்கு வெறும் புலம்பல். கணக்கு இல்லாத அதிகாரம் வெறும் வாக்குறுதி. கோவை, மதுரை, திருச்சி உள்ளிட்ட மற்ற மாநகராட்சிகளும் இரண்டையும் சேர்த்தே கேட்டுப் பெற வேண்டும்.