முன்னுரையில் ஆரம்பிக்காதீங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எப்படி எழுதினீங்க? சீனியர் கொடுத்த ஃபைலைத் திறந்து, தலைப்பை மாத்தி, அறிமுகத்திலிருந்து கன்க்ளூஷன் வரை அஞ்சு அத்தியாயத்தையும் நிரப்பியிருப்பீங்க. நானும் அப்படித்தான். நாலு வருஷத்தில் ஒரு வடிவத்தை நிரப்பக் கத்துக்கிட்டோம், அமைக்கக் கத்துக்கலை.

இது எனக்கு உறைச்சது போன லீவில். ஒரத்தநாடு பக்கம் எங்க ஊர். தாத்தா பதினோரு நோட்டு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். புதுஆத்தில் தண்ணி வந்த தேதி, எந்த வயலில் என்ன விதை, நடவுக் கூலி, எந்த மழையில் எது அழுகிச்சு, எல்லாம் இருக்கு. அதைப் புத்தகமாக்கலாம்னு லேப்டாப்பைத் திறந்தா, கை தானா 'முன்னுரை'ன்னு அடிச்சது. அதுக்கு மேல ஒரு வரி ஓடலை.

அப்போ படிச்சதுதான் உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. 1880இல் கும்பகோணம் கல்லூரிக்குத் தமிழாசிரியரா வர்றார். அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், "சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா"ன்னு கேட்கிறார். படிக்கலை. தேடி எடுத்த ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி. நச்சினார்க்கினியர் உரையில் மேற்கோள் வருது, அது எந்த நூல்னு பேர் இல்லை. சமண சமயச் செய்தி புரியலை. கும்பகோணத்து ஜைனர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கிறார். நூல் அச்சானது 1887இல்.

'மணிமேகலை'யில் இன்னும் மோசம். அது எந்தச் சமயத்து நூல்னே பிடிபடலை. பௌத்தம்னு எடுத்துச் சொன்னவர் மளூர் ரங்காசாரியார். 1898இல் அந்தப் பதிப்பு வரும்போது புத்தர் சரித்திரம், பௌத்த தருமம், பௌத்த சங்கம் மூணையும் பத்தி உ.வே.சா.வே எழுதிச் சேர்க்கிறார். ஏன்? தான் எங்க நின்னுபோனாரோ, அங்கதான் வாசகனும் நிப்பான்னு அவருக்குத் தெரியும்.

நான் சொல்ல வர்றது இதுதான். அவர் பதிப்புகளில் இருக்கிற கதைச் சுருக்கம், ஆசிரியர் வரலாறு, அரும்பத அகராதி எதுவும் அலங்காரத்துக்கு வந்தது இல்லை. ஒவ்வொண்ணுக்கும் பின்னால் படிக்கிறவனுக்கு வந்த ஒரு சந்தேகம் இருக்கு.

"அவர் பதிப்பாசிரியர்தானே, நூல் எழுதலையே"ன்னு நண்பன் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. ஆனா உங்க முன்னாடி இருக்கிற குறிப்பும், டேட்டாவும், வாய்ஸ் ரெக்கார்டிங்கும் ஒரு ஏட்டுக்கட்டுதான். அதுக்கும் புள்ளி கிடையாது.

விதியே வேண்டாம்னு சொல்லலை. நன்னூல் பாயிரம் ஒரு நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு, 32 உத்தின்னு போட்டு வெச்சிருக்கு. (நம்ம ரிப்போர்ட் ஃபார்மேட்டை விட எவ்வளவோ மேல். 'கூறியது கூறல்' குற்றம்னு நம்ம லிட்ரேச்சர் சர்வேயைப் பார்த்தே எழுதின மாதிரி இருக்கு.) அந்த விதிகள் எழுதினதைச் சரிபார்க்க உதவும். முதல் பக்கத்தில் என்ன வைக்கணும்னு அதுகிட்ட கேட்டா பதில் வராது.

சரி, தாத்தா நோட்டுக்கு வர்றேன். முன்னுரையை அழிச்சுட்டு, எனக்குப் புரியாத இடத்துக்கெல்லாம் பென்சிலில் கோடு போட்டேன். முதல் கோடு 'மா'வுக்கு. நூறு குழி ஒரு மா, நம்ம கணக்கில் சுமார் 33 சென்ட்னு அம்மாதான் சொன்னாங்க. அடுத்தது 'கலம்', பன்னிரண்டு மரக்கால். ஆக, முதல் பக்கம் அளவுகள்.

மூணாவது கோட்டில்தான் மாட்டிக்கிட்டேன். தாத்தா வருஷ வரிசையில் எழுதியிருக்கார். எனக்கு வர்ற கேள்வியெல்லாம் ஒரு வயலைப் பத்தி. வாய்க்கால் கடைசியில் இருக்கிற அந்தத் தாழ்ந்த வயல் அடிக்கடி மழையில் முழுகியிருக்கு, ஆனாலும் அவர் அதில் சம்பா போடுறதை விடலை. ஏன்னு எந்த நோட்டிலும் நேரா இல்லை. வயல் வாரியா பிரிச்சு அடுக்கினா பதில் கிடைக்கும்னு தோணுது. ஆனா அப்படிப் பிரிச்சா ஒரு வருஷத்தில் வீடு என்ன பாடுபட்டுதுங்கிறது சிதறிப்போகும்.

அப்பா அந்த வயலைத்தான் விக்கப்போறார். பதிவுக்கு ரெண்டு மாசம் இருக்கு. இப்போதைக்கு வயல் வாரியா அடுக்கிட்டிருக்கேன், நாலாவது நோட்டில் நிக்கிறேன்.