முதுகு நீரில் ஆட்டிசம் தெரியுமா?

மாணவர்களே, மூளையையும் முதுகுத் தண்டையும் சூழ்ந்து ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் தெளிந்த நீர் உள்ளது. இடுப்பருகே ஊசி செலுத்தி அதை எடுக்கும் முறையை 1891இல் குவின்கெ என்ற ஜெர்மன் மருத்துவர் வகுத்தார். மூளைக் காய்ச்சலைக் கண்டறியக் கோவையிலும் இவ்வாறே நீர் எடுக்கிறார்கள்.

பிறரோடு பழகுவதில் சிறு வயது முதலே வேறுபாடு காட்டும் ஆட்டிசத்திலும் இந்நீர் ஏதேனும் சொல்லுமா? 2005இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் ஆட்டிசம் உள்ள 6 பேரின் நீரைச் சோதித்தனர். நோய்த்தடுப்பு ஆற்றல் கிளர்ந்ததைக் காட்டும் புரதங்கள் மிகுந்திருந்தன. 2020இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் வயது வந்த 36 பேரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. அதில் ஒரு பகுதியினருக்கே புரதம் கூடியிருந்தது.

இதை நம்பி ஆட்டிசத்துக்கென்று முதுகில் ஊசி போடுவது தகாது என்பேன். திருகு அளவியை எடுத்ததும் சுழிப்பிழை பார்க்கிறீர்கள் அல்லவா? இங்கே சுழி எது? நோயற்றவர் முதுகில் காரணமின்றி யாரும் குத்துவதில்லை. ஒப்பிடக் கிடைப்பது பெரும்பாலும் வேறு தொல்லைக்காக வந்தவர்களின் நீர். அந்தக் கிளர்ச்சி ஆட்டிசத்தின் காரணமா, விளைவா என்பதையும் ஒருமுறை எடுத்த நீர் காட்டாது. (ஊசிக்குப் பின் வரும் தலைவலி வேறு!) நம் நாட்டில் 40 கூறுகள் கொண்ட அளவுகோல் உண்டு, பேசிப் பழகிப் பார்த்தே மதிப்பிடுகிறார்கள்.

நன்றாக இருந்தவருக்குத் திடீரென வலிப்பும் மனக்குழப்பமும் வந்தால் மட்டும் கதை வேறு. நோய்த்தடுப்பு ஆற்றல் தன் மூளையையே தாக்கும் அழற்சி ஒன்று 2007இல் விளக்கப்பட்டது. அதற்கு மருத்துவம் உண்டு. அங்கே ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.