தாய்வழிச் சொத்து

தாய்வழிச் சொத்து என்றால் நகையும் நிலமும் நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்காவிலோ அடிமைத்தனமே தாய்வழிச் சொத்தாக இருந்தது! தாய் அடிமையானால் குழந்தையும் அடிமையே என்று 1662-ல் வர்ஜீனியாவில் சட்டம் செய்தார்கள். தகப்பன் வெள்ளைக்கார எஜமானனேயாயினும் அதற்கு விலக்கில்லை. தான் பெற்ற பிள்ளையையே விற்றுப் பணமாக்க அவனுக்கு உரிமையிருந்தது.

லாலிடா டாடெமி என்னும் அம்மையார் 2001-ல் வெளியிட்ட 'கேன் ரிவர்' நாவல், லூயிஸியானாவில் வாழ்ந்த அவருடைய முன்னோர்களான நான்கு தலைமுறைப் பெண்களின் சரிதை. விற்பனைப் பத்திரத்தில் விலையோடு கிடந்த பெயரைத் தேடியெடுத்து, அதை மீண்டும் ஒரு பாட்டியாக்கியிருக்கிறார் அவர்.

அடிமைத்தனத்தை 1865-ல் 13-வது அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது. ஆனால் அந்தத் தாய்மார் பெண்களுக்குச் சொல்லிவைத்த குடும்பக் கதைகள் அழியவில்லை. உண்மையான தாய்வழிச் சொத்து அதுவே என்போம்.