பாரதி மறந்த முதற்காதல்

முதற்காதலைப் பற்றிப் பேச்செடுத்தால் இப்போதெல்லாம் உரையாடல் இரண்டாவது நிமிடத்திலேயே திரைப்படத்துக்குப் போய்விடுகிறது. என் வயதுக்காரர்கள் 2004இல் வந்த சேரனின் 'ஆட்டோகிராஃப்' படத்தைச் சொல்கிறார்கள். வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் 2018இல் வந்த '96' படத்தைச் சொல்கிறார்கள். எங்களுக்கு மூத்தவர்களுக்கு 1979இன் 'அழியாத கோலங்கள்'. மூன்றும் எனக்குப் பிடித்த படங்களே. ஆனால் முதற்காதலையும் வளர்ந்து ஆளாவதையும் பற்றி நம் மொழியில் எழுதப்பட்டவற்றுள் மிக நேர்மையானது எது என்று கேட்டால், புதுச்சேரியில் இருந்தபோது பாரதி 1910இல் வெளியிட்ட 'கனவு' என்ற சிறு செய்யுள் நூலைத்தான் சொல்வேன். இன்றைய தொகுப்புகளில் அது 'சுயசரிதை' என்ற தலைப்பில் கிடைக்கிறது.

அந்த நூலைப் பற்றிக் கேள்விப்படாத இலக்கிய வாசகர் இருக்க முடியாது. முழுதாகப் படித்தவர்கள் குறைவு என்பது என் அனுமானம். தந்தைக்குச் செலவும் தமக்குத் தீமையும் அன்றி வேறெதுவும் விளையவில்லை என்று ஆங்கிலக் கல்வியைச் சாடும் பகுதி மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இறுதிப் பாடல் தனிப் பிரார்த்தனைபோல் உலவுகிறது. 1911இல் சென்னை அரசாங்கம் 'ஆறில் ஒரு பங்கு' சிறுகதையோடு சேர்த்து இதையும் தடை செய்தது என்ற செய்தியைத் தேர்வுக்குப் படிக்கிறோம். நூலின் தொடக்கத்திலேயே 'பிள்ளைக் காதல்' என்றொரு பகுதி இருக்கிறது. அதைத்தான் எவரும் பேசுவதில்லை. தேசியக்கவியின் சட்டைப்பையில் அப்படி ஒன்று இருப்பது நமக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது போலும்.

அதில் நடப்பது இவ்வளவுதான். சிறுமிக்கு ஒன்பது வயது, பையனுக்குப் பத்து. அவள் தினமும் நீரெடுக்கப் போகும் வழியில் அவன் காத்திருக்கிறான். எப்படிக் காத்திருக்கிறானாம்? தேசபக்தர்களின் வரவை அரசாங்க ஒற்றர்கள் காத்திருப்பது போல. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். புதுச்சேரியில் பிரிட்டிஷ் உளவாளிகள் தம்மைச் சூழ்ந்திருந்த நாள்களில், தம் பத்து வயதை நினைத்துப் பார்க்கும் மனிதர், தம்மை வேவுபார்ப்பவர்களின் பொறுமையையே தம் காதலுக்கு உவமையாக்குகிறார். பிறகு ஒரு திருவாதிரை நாள். சிவன் கோயில் மண்டபம். இருவரும் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பேச்சைப் பாதியில் விட்டு எங்கோ மறைந்து, கையில் மையோடு திரும்பி வந்து, அவன் நெற்றியில் பொட்டு வைத்துவிடுகிறாள். அவ்வளவே. ஐந்து வயதில் தன்னை ஏங்கவிட்டுப் போன தாயின் நினைவும் இதே பகுதியில், இதை அடுத்தே வருகிறது. தாயில்லாப் பிள்ளையின் நெற்றியை ஒரு சிறு கை தொட்டது என்பதைப் பாரதி விளக்கிச் சொல்வதில்லை. நாமும் விட்டுவிடலாம்.

இலக்கணம் படித்தவனுக்கு இங்கே ஓர் இடர்ப்பாடு எழும். நம் அகமரபில் பிள்ளைக் காதலுக்கு இடமே இல்லை. காமம் இன்னதென்று அறியாத இளையவளிடம் ஒருவன் கொள்ளும் விருப்பத்தைத் தொல்காப்பியர் கைக்கிளை என்று ஒதுக்கிவிட்டார். ஐந்திணைக்குள் அது வாராது. சங்கப் பாடல்களில் தலைவனும் தலைவியும் முதன்முதல் எதிர்ப்படுவது பெரும்பாலும் பருவம் எய்திய பிறகுதான். எங்கள் தம்மம்பட்டியிலிருந்து பார்த்தால் தெரியும் கொல்லிமலை குறுந்தொகையிலும் வருகிறது. அம்மலையில் தெய்வம் எழுதிய பாவையைப் போன்றவள் தன் காதலி என்று தலைவன் மயங்குகிறான். அந்தக் கொல்லிப்பாவைக்கு வயது ஏறாது. சிறுமியாக அவள் இருந்ததும் இல்லை.

பாரதிக்கு இந்த இலக்கணம் தெரியாமல் இல்லை. அதனால்தான் அவர் அந்தப் பகுதியிலேயே ஒருபக்கக் காதலைக் கடலில் பிறந்த நஞ்சென்றும், இருபக்கமும் ஒத்த காதலை அமுதினும் உயர்ந்ததென்றும் பிரித்துக் காட்டித் தம்முடையது இரண்டாவது வகை என்று நிலைநாட்டுகிறார். கைக்கிளை என்று கழித்துவிடாதீர்கள், அவளும் விரும்பினாள் என்கிறார். பொட்டு வைத்தது அவள்தானே! தமிழ்ச் செய்யுள் மரபில் குழந்தைப் பருவத்துக் காதலுக்கு முதன்முதலாக உரிமை கேட்ட குரல் இது என்று நான் கருதுகிறேன். அதே சமயம் ஒரு மரபை அவர் மீறவில்லை. அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சொல்லலாகாது. தன்வரலாறு எழுதியபோதும் பாரதி அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. அவள் யார், எந்தத் தெரு, பிறகு என்னவானாள் என்று ஒவ்வோர் ஆண்டும் ஏதாவதொரு மாணவன் கேட்பான். கேட்காமல் இருப்பதே அவளுக்குச் செய்யும் மரியாதை என்பது என் நிலைப்பாடு.

இதுவரை சொன்னது இனிப்பு. கசப்பு 'மணம்' என்ற பகுதியில் இருக்கிறது. ஒரு கன்னியைப் பத்து வயதில் நெஞ்சில் ஊன்றி வணங்கியவனுக்குப் பன்னிரண்டு வயதில் தந்தை வேறொரு பெண்ணை மணம் செய்து வைத்தார் என்கிறார் பாரதி. வரலாற்றுக் கணக்கு இதற்குச் சற்று மாறுபடுகிறது. அவர் பிறந்தது 1882 டிசம்பரில். செல்லம்மாளை மணந்தது 1897இல். அப்படியானால் 14 வயது கடந்திருக்க வேண்டும். கவிஞர் ஏன் வயதைக் குறைத்தார் என்று தெரியவில்லை. பத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டை வைத்தால் அந்த இரண்டும் எவ்வளவு நெருங்கி உறுத்துகின்றன என்பதை மட்டும் கவனிக்கலாம். மணமகளுக்கு ஏழு வயது.

இந்த இடத்தில் இன்றைய வாசகன் என்ன எதிர்பார்ப்பான்? மணமேடையில் அமர்ந்த சிறுவனின் உள்ளம் அழுதது, முதற்காதலியின் முகம் புகைக்கு நடுவே தெரிந்தது என்று ஏதாவது. நம் திரைப்படங்கள் நூறு முறை காட்டிய காட்சி அது. பாரதி எழுதுவது வேறு. வேறொருத்தியை மணந்தபோது, முன்னவளிடம் கொண்ட காதல் நிலைக்க வேண்டும் என்று தாம் எண்ணவும் இல்லை, இந்த மணத்தில் மனத்தைச் செலுத்தவும் இல்லை என்கிறார். ஆகத் துரோகமும் நிகழவில்லை, தியாகமும் நிகழவில்லை. சிறுவன் மணத்தை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். வலி அப்போது வரவில்லை. 27 வயதில், நாடு கடந்து வந்து அமர்ந்து திரும்பிப் பார்க்கும்போதுதான், தான் எதை மறந்தோம் என்பது தெரிந்து வலிக்கிறது. அந்த வலியோடுதான் குழந்தைமணம் செய்து வைப்பவர்களைப் பாதகர்கள் என்று மும்முறை சொல்லி ஏசுகிறார்.

தாந்தேயை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் பெயாத்ரிசை முதன்முதல் கண்டபோது இருவருக்கும் ஏறத்தாழ ஒன்பது வயது. அவள் வேறொருவரை மணந்தாள், 1290இல் இளம் வயதிலேயே இறந்தாள். தாந்தே அவளைச் சொர்க்கத்துக்கு வழிகாட்டும் தெய்வமாக்கினார். உலக இலக்கியம் அதைக் கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். பாரதியிடம் அவ்வகை உயர்த்தல் இல்லை. பிள்ளைக் காதலுக்குப் பின் ஆங்கிலப் பள்ளி, அப்புறம் மணம், அப்புறம் பஞ்சாலை வைத்து முதலை இழந்த தந்தையின் வறுமை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு சிறுவன் வளர்வது என்பது அந்த வரிசைதான். மணமான மறு ஆண்டு, 1898இல், தந்தை சின்னசாமி ஐயரும் இறந்துவிட்டார். காதலை நினைத்து உருக அந்தப் பையனுக்கு நேரம் ஏது?

நம் திரைப்படங்களின் முதற்காதலோடு எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான். அங்கே நாயகன் மறப்பதே இல்லை. 'ஆட்டோகிராஃப்' நாயகன் தன் திருமண அழைப்பிதழை எடுத்துக்கொண்டு பழைய காதலிகளின் வீட்டுக்கே போகிறான். '96' நாயகன் இருபத்திரண்டு ஆண்டுகள் ஒற்றை நினைவில் நிற்கிறான். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்த நினைவு அவனுடைய சொத்து. பெண்கள் அவன் வளர்ந்த கதையில் வந்து போகிறவர்கள். '96' நாயகி வாய் திறந்து பேசுகிறாள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் என் மாணவியருக்கு அந்தப் படம் அவ்வளவு பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாரதியின் நூலிலும் அந்தக் குறை உண்டு. பொட்டு வைத்த சிறுமிக்கு என்ன நேர்ந்தது என்பதை அவர் சொல்லவில்லை. அவளுக்கும் ஓரிரு ஆண்டுகளில் எங்கோ மணம் முடித்திருப்பார்கள் என்று அக்காலத்தை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். பெண்ணின் மணவயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929இல்தான் வந்தது. ஏழு வயது மணமகளுக்கு அன்று என்ன தோன்றியது என்பதற்கும் நூலில் இடமில்லை. செல்லம்மாள் 'பாரதியார் சரித்திரம்' எழுதிய 1941இல் கணவர் இறந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பது நல்லது. ஒரே வீட்டின் கதை எவ்வளவு வேறு வேறு உயரங்களிலிருந்து தெரிகிறது!

எங்கள் பக்கத்து ஊர்களில் காதல் என்ற சொல்லை வீட்டுக்குள் உச்சரிக்க மாட்டார்கள். 'பழக்கம்' என்பார்கள், அல்லது 'பேசுதாம்' என்பார்கள். சொல் சிறிதாக இருப்பதால் விளைவும் சிறிதாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். அப்படி ஒரு சொல் காதில் விழுந்த வாரத்திலேயே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டு வருகைப் பதிவேட்டில் காணாமற்போகும் பெயர்களை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். பெண்ணுக்குப் பதினெட்டு நிறைந்திருக்கும். சட்டப்படி எவரும் எதுவும் கேட்க இயலாது.

தொல்காப்பியர் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புமைகளைப் பத்தாக அடுக்குகிறார். முதல் இரண்டு பிறப்பும் குடிமையும். வயது அவற்றுக்குப் பிறகுதான் வருகிறது. குறுந்தொகையில் செம்புலப்பெயல்நீரார் உறவும் ஊரும் அறியாத இருவரின் நெஞ்சம் கலந்ததைப் பாடினார் என்று நாம் மேடைதோறும் பெருமை பேசுகிறோம். நம் மாவட்டங்கள் பின்பற்றுவது என்னவோ அந்தப் பத்தில் முதல் இரண்டைத்தான். 2015 ஜூன் 23ஆம் நாள் ஓமலூரைச் சேர்ந்த 21 வயதுத் தலித் இளைஞர் ஒருவர், பொறியியல் பட்டதாரி, தம்மோடு படித்த வேறு சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் அவர் உடல் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் கிடந்தது. கோயில் கண்காணிப்புக் கேமராவின் பதிவு வழக்கில் சான்றாயிற்று. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் அதைச் சாதியக் கொலை என்று கண்டு ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளியின் தண்டனையை உறுதி செய்தது. அவர்களுக்கிடையே இருந்தது காதலா நட்பா என்று அப்போது ஊரெல்லாம் விவாதித்தார்கள். வெளியார் கேட்கத்தக்க கேள்வியா அது?

சிவன் கோயில், ஓர் ஆண், ஒரு பெண், பேச்சு. அந்த வழக்கை நாளிதழில் படித்தபோதெல்லாம் ஆதிரை நாள் மண்டபம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. எட்டயபுரத்துச் சிறுவன் மறக்க வாய்த்தவன். மறந்து, படித்து, மணந்து, நாடு கடந்து, 27 வயதில் உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வாய்த்தவன். உடைமாற்றம்போல் இயல்பாக ஒரு காதல் கழன்று விழுவதற்குக்கூட இங்கே உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இளங்கலைத் தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாரதி என்றால் கண்ணன் பாட்டிலிருந்து நான்கு, பாஞ்சாலி சபதத்திலிருந்து ஒரு சருக்கம் என்று வைக்கும் வழக்கத்தில் எனக்குப் பகையில்லை. 'சுயசரிதை'யை வைக்கும்போது மட்டும் ஆங்கிலக் கல்விப் பகுதியை வெட்டி எடுத்துத் தராதீர்கள். ஐம்பதுக்கும் குறைவான செய்யுள்கள்தாம்; முழுதாக வையுங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகளிடம் 'பிள்ளைக் காதல்' நடத்தினால் வகுப்பில் கேலியும் விசிலும் எழும் என்று ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் அஞ்சினார். முதல் பத்து நிமிடம் எழத்தான் செய்யும். 'மணம்' பகுதிக்கு வந்ததும் அடங்கிவிடும். அங்கே, சென்ற ஆண்டு, பின் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "ஐயா, அந்தப் புள்ளையும் மறந்திருக்குமா?" என்று கேட்டாள். அதைப் பற்றிப் பேசி முடிக்க மறுநாள் பாடவேளையும் தேவைப்பட்டது.