காற்றின் வழியில் ஒரு பூந்தோட்டம்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஜூன் முதல் செப்டம்பர் வரை பாய்ந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று, பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்துச் சாளைகளில், அதாவது விளைநிலத்தின் நடுவே தனித்து நிற்கும் உழவர் வீடுகளில், நேராக மோதுவதால், அங்கே பூந்தோட்டம் அமைப்போர் நிறத்தைப் பற்றி எண்ணுமுன் காற்றைத் தணிக்க வழி தேட வேண்டும். இதற்கென மதில் எழுப்புவது பெரும்பிழை. மதிலில் முட்டும் காற்று மேலேறி, மறுபுறம் சுழலாகக் கவிழ்ந்து செடிகளை முறிக்கும். மாறாக, காற்றில் ஒரு பகுதியை இலைகளுக்கிடையே வடியவிடும் உயிர்வேலி, தன் உயரத்தைப்போல் 10 மடங்குத் தொலைவு வரை அதன் வேகத்தை அடக்குகிறது. கொங்கு உழவர்கள் போத்து நட்டு வளர்த்த கிளுவை வேலி இத்தகையதே. அதைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போடுவது மிகவும் வருந்தத்தக்கது. வேலியை ஒட்டி மஞ்சளுக்கு ஆவாரையும், இளஞ்சிவப்புக்கு அரளியும் தாராளமாக நிற்கலாம். குறிப்பாக அரளியின் தடித்த இலையைத் திருப்பிப் பார்த்தால், நீராவியை வெளிவிடும் நுண்துளைகள் அடிப்புறக் குழிகளில் மென்மயிர் மூடி ஒளிந்திருப்பதால், வறண்ட காற்று அதை எளிதில் வாட்டுவதில்லை என்பது விளங்கும். ஆயினும் அது கால்நடைகளுக்குக் கொடிய நஞ்சாதலால் கட்டுத்தறிக்கு எட்டாத தொலைவில்தான் நடப்பட வேண்டும். தண்டு மெலிந்த செவ்வந்திக்கும் கோழிக்கொண்டைக்கும் வீட்டின் கிழக்குப்புற மறைவே ஏற்ற இடம்.