கல்லாய் வளரும் பாசி

பாசி என்ற மாத்திரத்தில் நம் வாசகர்களுக்கு நினைவு வருவது, குளத்துப் படியில் காலை வைத்தவுடன் வழுக்கி விழச் செய்யும் பச்சை வஸ்துதான். அதை ஒருவர் ஆயுள் முழுவதும் ஆராய்கிறார் என்று சொன்னால், "பாவம், மனிதருக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் வழுக்காத பாசியும் உலகத்தில் உண்டு. சமுத்திரத்தின் அடியில், பாறையின்மேல் இளஞ்சிவப்புச் சாயம் பூசினாற்போல் படர்ந்து, கையால் தட்டினால் கல்லைப்போலவே கெட்டியாக இருக்கும் பாசி அது. கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைத் தன் உடம்பிலே சேர்த்துக்கொண்டு வளர்வதால் அதைச் சுண்ணாம்புப் பாசி என்று நாம் அழைக்கலாம்.

இதைச் செடி என்று கண்டுபிடிப்பதற்கே பண்டிதர்கள் வெகுகாலம் திண்டாடினார்கள். உயிர்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் போட்ட லின்னேயஸ் என்னும் மேதை, 18-ஆம் நூற்றாண்டில் இந்த இனத்தைப் பிராணிகளின் வரிசையில் சேர்த்துவிட்டார். 1837-இல் பிலிப்பி என்ற ஜெர்மானிய அறிஞர்தான், கல்லைப்போன்ற இந்த இனங்களும் தாவரங்களே என்று எடுத்துக் காட்டினார். வெப்பக் கடல்களில் பவளப் பூச்சிகளின் குஞ்சுகள் பல, தங்கி வாழ இடம் தேடும்போது இந்தப் பாசி படர்ந்த பாறையையே நாடுகின்றன. கண்ணுக்கு அற்பமாய்த் தோன்றும் பொருள் எத்தனை உயிர்களுக்கு அஸ்திவாரமாகிறது, பாருங்கள்!

அமெரிக்காவில் மெய்ன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டெனெக் என்பவர் இப்பாசியின் ஆராய்ச்சியில் பிரசித்தி பெற்றவர். பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் குல்லாய் வடிவமான ஒருவகை நத்தைக்கும் இப்பாசிக்கும் உள்ள உறவைப் பற்றி 1982-இல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நத்தை பாசியைச் சுரண்டித் தின்கிறது. ஆனால் அது தின்பது மேல்தோலை மட்டுந்தான். வளரும் பாகம் அதன் அடியில் பத்திரமாக இருக்கிறது. சுரண்டச் சுரண்டப் பாசியின் மேல் வேறு செடிகள் முளைத்து அதை மூடிவிடாமல் சுத்தமாகிறது. தின்பவனே தோட்டக்காரனாகவும் இருக்கிறான்! ஆனால் இந்த ஏற்பாடு அளவு மீறாதவரையில்தான் நடக்கும். அளவு மீறினால் என்ன நேரும் என்பதை அறிய நாம் அலூஷியன் தீவுகளுக்குச் செல்ல வேண்டும்.

அலாஸ்காவிலிருந்து ஆசியாவை நோக்கி, பசிபிக் சமுத்திரத்தின் வடகோடியில் வளைந்து செல்லும் தீவுக் கூட்டம் அது. குளிர்ந்த அந்தக் கடலின் அடியில் சுண்ணாம்புப் பாசியே பெருந் திட்டுக்களாய் வளர்ந்திருக்கிறது. வருஷத்திற்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத அது, பல நூற்றாண்டு காலம் வாழ்ந்து அப்படித் திரண்டிருக்கிறது. மரத்தின் வைரத்தில் இருப்பதுபோல் அதிலும் வருஷத்துக்கு ஒரு வரி விழுகிறது. அதைச் சுற்றிலும் கெல்ப் என்னும் பெரும் கடற்பாசிகள் காடாய் நிற்கும். உடம்பெல்லாம் முள்ளாயுள்ள கடல் முள்ளெலிகள் அந்தக் கெல்ப்பைத் தின்னும். முள்ளெலிகளைக் கடல் நீர்நாய்கள் தின்னும். நீர்நாய் தினமும் தன் எடையில் சுமார் கால் பங்கு உணவு உட்கொள்ளும் பிராணி. ஆகையால் அது இருக்குமிடத்தில் முள்ளெலி தலையெடுக்க முடியாது.

இந்த ஒழுங்கைக் குலைத்தது மனிதனுடைய பேராசை. 1741-இல் பேரிங் என்பவரின் தலைமையில் புறப்பட்ட ருஷ்யக் கப்பல்கள் அக்கடலைக் கண்டன. திரும்பியவர்கள் கொண்டுபோன நீர்நாய்த் தோலைக் கண்டு வியாபாரிகள் மோகங் கொண்டார்கள். அத்தீவுகளின் சொந்தக்காரர்களான உனாங்கன் மக்களின் மனைவி மக்களைப் பிணையாகப் பிடித்து வைத்து, ஆண்களை வேட்டைக்கு விரட்டினார்கள். பிற நாட்டான் வியாபாரம் செய்ய வந்து எஜமானனாகிவிடும் கதை நமக்குப் புதிதன்று. 1911-இல் நான்கு வல்லரசுகள் உடன்படிக்கை செய்து வேட்டையைத் தடுத்தபோது, லட்சத்துக்கு மேல் இருந்த நீர்நாய்களில் எஞ்சியவை இரண்டாயிரத்துக்கு மேற்படாது.

உடன்படிக்கை பலன் தந்தது. நீர்நாய்கள் மெல்லப் பெருகின. 1974-இல் ஜேம்ஸ் எஸ்டெஸ், ஜான் பால்மிசானோ என்ற இருவர், நீர்நாய் உள்ள தீவுகளையும் இல்லாத தீவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ள இடத்தில் கெல்ப் காடு. இல்லாத இடத்தில் முள்ளெலிகள் மேயும் பொட்டல். ஆனால் 1990-களில் நீர்நாய்கள் மறுபடியும் வேகமாய்க் குறைந்தன. இம்முறை ஓர்க்கா என்னும் கொலைகாரத் திமிங்கிலங்களே அவற்றை விழுங்கின என்று எஸ்டெஸும் அவருடைய கூட்டாளிகளும் 1998-இல் முடிவு கூறினார்கள். முள்ளெலிகள் கெல்ப் காட்டைத் தின்று தீர்த்துவிட்டுச் சுண்ணாம்புப் பாசியின்மேல் பாய்ந்தன.

டக்ளஸ் ராஷர் என்பவர் ஸ்டெனெக், எஸ்டெஸ் முதலியோருடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார். பாசியை அறுத்துப் பார்த்தபோது, முள்ளெலிகள் கடித்த வடுக்கள் வருஷ வரிகளுக்கிடையே பதிவாகியிருந்தன. நீர்நாய் குறைந்த காலங்களில் வடுக்கள் மிகுந்திருந்தன. தோல் வியாபாரிகள் நடத்திய சூறையின் கணக்கையும் கடலடியில் ஒரு பாசி எழுதி வைத்திருக்கிறது!

ஆயினும் அந்தக் காலத்தில் பாசி தாங்கிப் பிழைத்தது. இப்பொழுது வந்திருக்கும் ஆபத்து இரட்டை ஆபத்து. நாம் எரிக்கும் நிலக்கரியிலும் எண்ணெயிலும் உண்டாகும் கரியமில வாயு கடலில் கரைகிறது. அதனால் நீரின் தன்மை மாறி, பாசி தன் சுண்ணாம்புக் கவசத்தைக் கெட்டியாகக் கட்ட முடியாமல் போகிறது. கடல் வெப்பமாவதால் முள்ளெலிகளின் பசியும் மிகுகிறது. யந்திரத் தொழில் பரவுவதற்கு முன்னிருந்த கடல் நிலைமையையும் இக்கால நிலைமையையும் தொட்டிகளில் உண்டாக்கிச் சோதித்தார்கள். இக்கால நீரில் முள்ளெலிகள் விளைக்கும் சேதம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாயிருந்தது. மேல்தோலைச் சுரண்டுவதோடு நில்லாமல், அவை உள்ளே துளைத்துப் பல நூற்றாண்டு வளர்ச்சியைச் சில வருஷங்களில் பொடியாக்கிவிடுகின்றன.

பரிகாரம் என்ன? கரியமில வாயுவைக் குறைப்பது உலகத்து நாடுகளெல்லாம் கூடிச் செய்ய வேண்டிய காரியம். அதற்குக் காலம் பிடிக்கும். அதுவரையில் நீர்நாய்கள் திரும்பி வந்தால் பாசிக்கு அவகாசம் கிடைக்கும் என்கிறார்கள் இந்த ஆராய்ச்சியாளர்கள். 2005-இல் அமெரிக்க அரசாங்கம் தென்மேற்கு அலாஸ்காவின் நீர்நாய்களைப் பாதுகாக்க வேண்டிய பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது. வேட்டைக்காரனைச் சட்டத்தால் தடுக்கலாம். ஓர்க்காவுக்கு எந்தச் சட்டத்தை வாசித்துக் காட்டுவது? காரியம் சுலபமன்று என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இருந்தாலும் 1911-ஆம் வருஷத்து உடன்படிக்கையை நாம் மறந்துவிடலாகாது. அன்று கையெழுத்திட்டவர்கள் தோல் வியாபாரத்தைத்தான் எண்ணினார்கள், பாசியை எண்ணவில்லை. இருந்தும், நீர்நாய்கள் பெருகியிருந்த காலமெல்லாம் அந்தப் பாசி பாதுகாப்பாக இருந்தது. ஓர் உயிரை அழியாமல் விட்டுவைத்தால் அதன் நிழலில் எத்தனை உயிர்கள் வாழும் என்பதை முன்கூட்டி யாரும் கணக்கிட்டுச் சொல்ல முடியாது. அந்தக் கணக்குத் தெரியாதவரையில் எதையும் தேவையற்றது என்று தள்ளிவிடாமல் இருப்பதே விவேகம் என்று நமக்குத் தோன்றுகிறது.